நகைச்சுவைத் திரையில் வேறுபட்ட மனம்



சொந்த ஊரை நீங்கித் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் நம் குடும்பங்களில் மாலைப்பொழுது பெரும்பாலும் பலமொழிப் பொழுதாகவே கழிகின்றது. அடுக்களையில் தமிழ் ஒலிக்கும். வாயிற்புறத்தில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ ஒலிக்கும். பிள்ளைகள் அமர்ந்திருக்கும் கூடத்திலோ ஆங்கிலத் தொடர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அத்தொடர்களுள் நகைச்சுவைத் தொடர்களுக்குத் தனிச் செல்வாக்கு உண்டு. பிள்ளைகள் சிரிக்கின்றனர், பெரியவர்களும் உடன் சிரிக்கின்றனர். எதைக் கண்டு சிரிக்கின்றோம் என்று அவ்வேளையில் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

இத்தொடர்களில் அடிக்கடி தோன்றும் மாந்தர் வகை ஒன்று உண்டு. அவர் கூரிய அறிவினர். ஆனால் எதிரே இருப்பவர் முகக்குறிப்பை உணரமாட்டார். குத்தலாகச் சொன்னதை நேர்ப்பொருளில் கொள்வார். நாள்தோறும் ஒரே இருக்கை, ஒரே உணவு, ஒரே ஒழுங்கு வேண்டுவார். அவ்வொழுங்கு குலைந்தால் தாமும் நிலைகுலைவார். தமக்குப் பிடித்த பொருளைப் பற்றி, கேட்பவர் சலிப்பதும் அறியாது நெடுநேரம் உரைப்பார். இவ்வியல்புகளை ஒருங்கே நோக்குமிடத்து, மருத்துவ நூலார் ஆட்டிசம் என்று குறிப்பிடும் நிலையின் சாயல் புலப்படும். திரையோ அப்பெயரைப் பெரும்பாலும் சொல்வதில்லை. பெயரைச் சொல்லாமல் இயல்பை மட்டும் எடுத்துச் சிரிப்பு மூட்டுவது தக்கதா என்பதே நம் முன் நிற்கும் வினா.

ஆட்டிசம் என்னும் சொல்லின் வரலாற்றை முதலில் சுருக்கமாகக் காண்போம். ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இதனை ஆக்கி, 1911ஆம் ஆண்டில் தம் நூலில் கையாண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் பிளாய்லர். 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்பவர் சில குழந்தைகளின் இயல்பை விளக்க அதே சொல்லைப் பயன்படுத்தினார். மறு ஆண்டில், வியன்னா நகரத்து ஹான்ஸ் ஆஸ்பெர்கர் அதனையொத்த இயல்புடைய சிறுவரைப் பற்றி எழுதினார். 1981இல் லோர்னா விங் என்னும் ஆங்கில மருத்துவர் எழுதிய கட்டுரையால் ஆஸ்பெர்கரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இவ்வேறுபாடுகளை நீக்கி, எல்லாவற்றையும் ஒரே நிறமாலையின் பல நிறங்களாகக் கொண்டது. அந்நிறமாலையில் ஒரு சொல்லும் பேசாதவர் உளர். ஓயாது பேசுபவரும் உளர். வாழ்நாள் முழுதும் பிறர் துணையை வேண்டுபவர் உளர். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துபவரும் உளர்.

தமிழில் ‘மதியிறுக்கம்’ என்றொரு சொல் வழங்குகின்றது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாம் அச்சொல்லைத் தயக்கத்தோடுதான் எடுக்கின்றோம். மதி இறுகிப் போயிற்று என்னும் பொருள் அதில் தொனிக்கின்றது. இறுகிய மதியன்று அது; உலகை வேறு வழியில் வாங்கிக் கொள்ளும் மதி. ஆதலின், பெற்றோரும் ஆசிரியரும் வழங்கும் ஆட்டிசம் என்ற சொல்லையே இவ்வுரையில் கையாள்வோம்.

இனித் திரைக்கு வருவோம். ‘தி பிக் பேங் தியரி’ என்னும் அமெரிக்கத் தொடர் 2007 முதல் 2019 வரை, பன்னிரண்டு பருவங்களில் 279 நிகழ்ச்சிகளாக ஒளிபரப்பாயிற்று. அதன் நடுநாயகம் ஷெல்டன் கூப்பர் என்னும் இயற்பியல் அறிஞர். அப்பாத்திரத்தை ஏற்ற ஜிம் பார்சன்ஸ் நகைச்சுவைத் தொடரின் சிறந்த முதன்மை நடிகருக்கான எம்மி விருதை நான்கு முறை பெற்றார். ஷெல்டனுக்குச் சோபாவில் குறிப்பிட்ட ஓர் இடம் உண்டு. அதில் வேறெவரும் அமரலாகாது. அண்டை வீட்டுப் பெண் பென்னியின் கதவை மும்முறை தட்டுவார். ஒவ்வொரு முறையும் அவள் பெயரைச் சொல்வார். குத்தல் பேச்சு அவருக்கு விளங்காது. மேலே நாம் அடுக்கிய இயல்புகள் அனைத்தும் அவரிடம் உள. ஆயினும் அவருக்கு ஆட்டிசம் உண்டென்று அத்தொடர் கூறவே இல்லை. அத்தகைய பெயரை மனத்திற்கொண்டு தாம் எழுதவில்லை என்றே அதனைப் படைத்தோரும் கூறினர்.

பெயரைச் சொல்லாமல் விடுவதில் ஓர் ஆதாயம் இருக்கின்றது. பெயர் சொல்லிவிட்டால் படைத்தவர்க்குப் பொறுப்பு வந்து சேரும். மருத்துவர் கேட்பார், பெற்றோர் கேட்பார், ஆட்டிசம் உடையோரே கேட்பார். பெயர் சொல்லாவிடின் அப்பொறுப்பு இல்லை. சிரிப்பு மட்டும் எஞ்சும். ஒரு வகையில் இது விலை கொடாமல் சரக்கை எடுத்துச் செல்வதை ஒக்கும்.

நகையைப் பற்றி நம் முன்னோர் வகுத்த இலக்கணம் இங்கே நமக்கு உதவும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களங்களை நான்காகக் கூறுவார். எள்ளல் ஒன்று, இளமை ஒன்று, பேதைமையும் மடனும் ஏனைய இரண்டு. இவற்றுள் மடன் என்பதற்கு உரையாசிரியர் தரும் விளக்கம் கருதத்தக்கது: பிறர் அறிவிக்க ஏற்றுக்கொண்டு, ஏற்றதை விடாதிருத்தல் என்பது அதன் கருத்து. ஷெல்டனின் இருக்கையும் கதவு தட்டலும் இதற்கு எடுத்துக்காட்டாக அமையும். கொண்டதை விடாமை கண்டு நகுவது மனித இயல்பு. அந்நகையில் தீங்கு ஒன்றும் இல்லை. நம் வீட்டுத் தாத்தா நாற்பது ஆண்டுகளாக ஒரே நாற்காலியை விடாதிருப்பதைக் கண்டு பேரப்பிள்ளைகள் சிரிப்பதும் அவ்வகையே.

எள்ளலின் நிலை வேறு. உரையாசிரியர் அதனையும் இரண்டாகப் பகுப்பர்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தானும் நகுதல் மற்றொன்று. இரண்டாம் வகையில், எள்ளப்பட்டவரும் அந்நகையில் பங்கு கொள்கின்றார். முதல் வகையில் அவருக்குப் பங்கு இல்லை. ஆட்டிசம் உடைய மாந்தரைக் காட்டும் நகைச்சுவையை அளப்பதற்கு இதனினும் தக்க அளவுகோல் நமக்குக் கிடைத்திலது. அந்தச் சிரிப்பில் அவருக்கும் பங்கு உண்டா, இல்லையா என்று மட்டும் கேட்டால் போதும்.

மேற்சொன்ன தொடரிலேயே இதனை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. தொடர் பார்வையாளர் கூட்டத்தின் முன்னிலையில் படமாக்கப்பட்டது. ஷெல்டன் மும்முறை தட்டும்போதெல்லாம் அவையினர் சிரிப்பு நம் செவியில் விழும். இவ்வாறு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிரித்தாயிற்று. பின்னர், 2016இல் வெளிவந்த ஒரு நிகழ்ச்சியில், ஷெல்டன் தாமே பென்னியிடம் காரணத்தைக் கூறுகின்றார். பதின்மூன்று வயதில் விடுமுறைக்கு வீடு திரும்பிய அவர், பெற்றோரின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்து, தந்தை வேறொரு பெண்ணுடன் இருக்கக் கண்டாராம். அன்று முதல் மும்முறை தட்டாமல் எந்தக் கதவையும் திறப்பதில்லை. ஒன்பது ஆண்டுகளாக நாம் சிரித்தது ஒரு சிறுவனின் துயரத்தைக் கண்டே என்பது அப்போது தெரிகின்றது. பிறர் பழக்கம் விந்தையாய்த் தோன்றும்போது அதன் பின்னே ஒரு காரணம் இருக்கக்கூடும் என்னும் பாடத்தை அத்தொடரே நமக்குத் தந்துவிட்டது. சற்றுக் காலந்தாழ்த்தித் தந்தது என்பதே குறை.

நடுநிலை நின்று கூறுமிடத்து, அத்தொடருக்கு உரிய நன்மையையும் மறுத்தல் ஆகாது. ஷெல்டன் வேலையும் நண்பரும் மதிப்பும் உடையவர், திருமணம் செய்துகொள்கின்றார். இறுதி நிகழ்ச்சியில் நோபல் பரிசு பெறும் மேடையிலே தம் புகழ் பேசும் உரையை ஒதுக்கிவிட்டு, தம்மைப் பொறுத்துக்கொண்ட நண்பர்களை எழுந்து நிற்கச் செய்து நன்றி கூறுகின்றார். தம் போன்ற ஒருவரைத் திரையின் நடுவிடத்தில் கண்டு மகிழ்ந்த ஆட்டிசம் உடையோரும் உண்டு; தம்மைக் கேலிப்பொருளாக்கினர் என்று வருந்தியோரும் உண்டு. இரண்டும் உண்மையே.

இத்தொடர் காலத்திலேயே வந்த மற்றொன்றை ஒப்பிட்டுப் பார்ப்போம். ‘கம்யூனிட்டி’ என்னும் தொடர் 2009 முதல் 2015 வரை வெளிவந்தது. அதில் ஆபெத் நாடிர் என்னும் இளைஞன் திரைப்படங்களின் வழியாகவே உலகை அறிபவன். அப்பாத்திரத்தை ஏற்ற டேனி பூடி, இந்தியத் தந்தைக்கும் போலந்து மரபில் வந்த தாய்க்கும் பிறந்தவர். முதல் நிகழ்ச்சியிலேயே ஒருவன் சினங்கொண்டு ஆஸ்பெர்கர் என்னும் பெயரை வசையாக ஆபெத் மீது வீசுகின்றான். அவ்விடத்தில் சிறுமைப்படுவது வீசியவனே. மூன்றாம் நிகழ்ச்சியில், தன் தாய் வீட்டை விட்டுச் சென்றதை ஆபெத் வாயால் சொல்லவில்லை. ஒரு சிறு படமாக எடுத்துத் தந்தைக்குக் காட்டுகின்றான். மகன் திரைக்கலை பயில்வதை எதிர்த்து நின்ற தந்தை அப்படத்தைக் கண்டு கண்ணீர் விடுகின்றார். மகன் பேசும் மொழி இது என்று உணர்ந்து இசைகின்றார். இத்தொடரில் அவையோர் சிரிப்பொலி சேர்க்கப்படுவதில்லை. எங்கே சிரிப்பது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கின்றது. இதனைப் படைத்த டேன் ஹார்மன், அப்பாத்திரத்திற்காகச் செய்திகளைத் தேடிப் படித்தபோது அவ்வியல்புகள் தம்மிடமும் இருப்பதைக் கண்டதாக வெளிப்படையாகவே கூறியுள்ளார். வேற்றாரை எள்ளப் புகுந்த எழுத்துக்கும் தன்னைத் தேடிப் புகுந்த எழுத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகின்றது.

2012இல் டேமியன் மில்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர் ஒரு கருத்தை எடுத்துரைத்தார். அவரும் ஆட்டிசம் உடையவரே. ஆட்டிசம் உடையவர் பிறரைப் புரிந்துகொள்வதில்லை என்று உலகம் கூறுகின்றது. பிறரும் ஆட்டிசம் உடையவரைப் புரிந்துகொள்வதில்லையே, குறை இருபாலும் அன்றோ என்பது அவர் கருத்தின் சாரம். நல்ல நகைச்சுவை பிறக்கும் இடமும் இதுவே. 2024இல் பிரித்தானிய பி.பி.சி. வெளியிட்ட ‘டைனோசர்’ என்னும் தொடரில், கிளாஸ்கோ நகரத்துத் தொல்லுயிர் ஆராய்ச்சியாளரான ஆட்டிசம் உடைய பெண் ஒருத்தி, தன் தங்கை அறிமுகமான சில வாரங்களிலேயே ஒருவனை மணக்க முடிவு செய்ததைக் கண்டு திகைக்கின்றாள். நெடுநாள் ஆராய்ந்து எதையும் முடிவு செய்பவள் விந்தையானவளா, ஆராயாமல் மணம் பேசியவள் விந்தையானவளா? சிரிப்பு இரு பக்கமும் செல்கின்றது. அத்தொடரை உடனிருந்து படைத்து நடித்த ஆஷ்லி ஸ்டோரியும் ஆட்டிசம் உடையவரே.

நடிப்பவர் யார் என்னும் வினாவும் இக்காலத்தில் எழுந்துள்ளது. 2017இல் தொடங்கிய ‘அட்டிப்பிக்கல்’ என்னும் தொடரில் ஆட்டிசம் உடைய இளைஞனாக நடித்தவர் அந்நிலை இல்லாதவர். கண்டனம் எழுந்தபின், அடுத்த பருவத்தில் ஆட்டிசம் உடைய நடிகரைத் துணைப்பாத்திரங்களில் சேர்த்தனர். 2020இல் வந்த ‘எவ்ரிதிங்ஸ் கோனா பி ஓக்கே’ தொடரில் ஆட்டிசம் உடைய கெய்லா குரோமர் முதன்மைப் பாத்திரங்களுள் ஒன்றையே ஏற்றார். 2022இல் வந்த ‘ஆஸ் வீ ஸீ இட்’ தொடரில் மூன்று முதன்மைப் பாத்திரங்களிலும் அத்தகையோரே நடித்தனர். பெண்களுக்கும் இந்நிலை உண்டு என்பது இத்தொடர்களால் பலர்க்கு விளங்கிற்று.

நகையைவிட நுட்பமாய்த் தீங்கு செய்வது ஒன்று உண்டு, அது வியப்பு. 1988இல் வந்த ‘ரெயின் மேன்’ திரைப்படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் ஏற்ற பாத்திரம் எண்களை நொடியில் கூட்டிக் கணக்கிடும் ஆற்றல் உடையது. அதன்பின், ஆட்டிசம் உடையவர் எல்லாரும் ஏதேனும் ஓர் அரிய ஆற்றல் பெற்றிருப்பர் என்னும் எண்ணம் பரவிற்று. ஷெல்டனும் அவ்வெண்ணத்தை வளர்த்தார். அத்தகைய ஆற்றல் உடையோர் அவருள் சிலரே. விருந்துக்கு வந்தவர், “உங்கள் பிள்ளைக்கு என்ன தனித்திறமை?” என்று அன்போடுதான் கேட்கின்றார், சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ள மூன்றாண்டு பயின்ற பிள்ளையின் தாய் என்ன விடை கூறுவாள்? அந்தப் பொத்தான்தான் அவ்வீட்டின் நோபல் பரிசு. அதனை எந்தத் தொடர் காட்டிற்று?

நம் நாட்டு உச்சநீதிமன்றம் இப்பொருள்பற்றி 2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வழங்கிய தீர்ப்பு ஒன்று நேயர்கள் அறியத்தக்கது. ஓர் இந்தித் திரைப்படத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கு அது. படத்தைத் தடை செய்யாத நீதிமன்றம், காட்சி ஊடகங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிப்பதற்கான நெறிகளை வகுத்தது. அவர்களைப் பற்றிய எந்த முயற்சியிலும் அவர்களுக்கே பங்கு வேண்டும் என்றது. அரிய ஆற்றல் இருந்தால்தான் மதிப்புக்கு உரியர் என்பதுபோல் காட்டுதலையும் கண்டித்தது. இருவகை நகைச்சுவையையும் பிரித்துக் காட்டியது. நாம் அவற்றைத் தமிழில் இவ்வாறு பெயர்ப்போம்: ஒன்று, ஊனத்தைப் பற்றிய நகைச்சுவை, மற்றொன்று, ஊனப்படுத்தும் நகைச்சுவை. முன்னது உலகோர் கொண்ட தவறான எண்ணத்தை அசைக்கின்றது. பின்னது மனிதரையே தாழ்த்துகின்றது. பல நூற்றாண்டுகளின் இடைவெளியைத் தாண்டி, எள்ளலை இரண்டாகப் பகுத்த நம் மரபும் இத்தீர்ப்பும் அடுத்தடுத்து நிற்பதைக் காண்கின்றோம். ஆட்டிசம் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பெயர் சொல்லி இடம்பெற்றுள்ளது என்பதையும் நினைவிற்கொள்க.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இப்பொருளில் தனி அக்கறை வேண்டும் என்று கருதுகின்றோம். ஏனெனில், எள்ளப்படுதல் இன்னதென்பதை நாம் அறிவோம். 1968இல் வந்த ‘படோசன்’ என்னும் இந்திப் படத்தில் மெஹ்மூத் ஏற்ற பிள்ளை என்னும் தென்னாட்டு இசையாசிரியரை நினைத்துப் பாருங்கள். குடுமியும் உச்சரிப்பும் காட்டி நாடு முழுவதையும் அவர் சிரிக்க வைத்தார். கதையில் அவர் இசை அறிந்தவர். அவரோடு போட்டியிட்ட காதலனோ மறைவில் நண்பன் பாட, வாயசைப்பவன். வாயசைத்தவன் வென்றான், பாடத் தெரிந்தவர் நகைப்புக்கு இடமானார். அந்த நகைச்சுவையைச் சுவைத்து நாமும் சிரித்தோம். ஆயினும் மறுநாள் அலுவலகத்தில் ஒருவர் அக்குரலிலேயே நம்மை அழைத்தபோது அச்சிரிப்பு வற்றிப்போயிற்று. பலர் உச்சரிப்பை மாற்றிக்கொண்டனர். மாற்றமுடியாதோர் பேச்சைக் குறைத்துக்கொண்டனர்.

ஆட்டிசம் உடையோர் பலரும் இதனையே செய்கின்றனர். கூச்சத்தை அடக்கிக் கண்ணோடு கண் நோக்குகின்றனர். கை அசைவதைச் சட்டைப்பையில் மறைக்கின்றனர். பிறர் சிரிக்கும்போது காரணம் விளங்காமலே சிரிக்கின்றனர். நாள் முழுதும் இவ்வாறு வேடம் பூண்டு வீடு திரும்புகையில் களைத்துச் சோர்கின்றனர். நமக்கோ வீட்டின் உள்ளே தமிழ் இருந்தது. வேடத்தைக் களைய ஓர் இடம் இருந்தது. அவர்களுக்கு அவ்விடம் நம் வீடுகளிலேனும் கிடைக்க வேண்டாவா? இரண்டு நிலையும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. ஒன்றை அறிந்தவர்க்கு மற்றொன்றை உணர்தல் எளிது என்பதே நம் கருத்து.

தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. சிரிப்பில்லாத வீடு வீடன்று. ஆட்டிசம் உடைய பிள்ளைக்கும் சிரிப்பு உண்டு, நகைச்சுவையும் உண்டு. பிள்ளைகளோடு உடனமர்ந்து பார்க்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். சிரித்து முடிந்தபின், “அவன் ஏன் அப்படிச் செய்தான்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடையைப் பிள்ளைகளே தேடட்டும். “அவனுக்கும் இது சிரிப்பாக இருக்குமா?” என்று இரண்டாவது கேள்வியும் கேளுங்கள். இவ்விரு கேள்விகளோடு வளரும் பிள்ளை, நாளை வகுப்பில் தனியே அமர்ந்து மின்விசிறியையே நோக்கிக்கொண்டிருக்கும் தோழனைக் கண்டால், பட்டப்பெயர் வைக்காது. பக்கத்தில் சென்று அமரும். மின்விசிறியில் என்ன தெரிகின்றது என்று கேட்கவும் கூடும்.